பத்தொன்பது வருஷ வேட்பாளர்

மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கு வந்து லூயிஸ் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். மேர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நகராட்சித் தலைவருக்கு மேர் என்று பெயர். அந்தப் பெயரை லூயிசுக்கு யார் வைத்தது என்பது இப்போது எல்லோருக்கும் மறந்துவிட்டது. வைத்தவன் நான்தான். கேலிக்கு வைத்தேன். அந்த மனுஷன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மேர் என்று கூப்பிட்டால் நின்று, திரும்பி, பதவிக்குத் தகுந்த மாதிரி தலையை ஆட்டுவார்.

என் பெயர் சக்கரபாணி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். லூயிசுக்கு அடுத்த வீடு. அவர் நகராட்சிக்குக் கொடுத்த மனுக்கள் அத்தனையும் என் கையெழுத்தில் இருக்கும். அவருடைய வேட்புமனுவில் முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அதனால் அவரைப் பற்றி எரிச்சலோடு எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

லூயிசுக்கு வயது அறுபத்தொன்று. வில்லியனூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எரிந்துபோன போர் மோட்டார் எதுவானாலும் அங்கேதான் வந்து சேரும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். மோட்டாரைக் கொண்டுவந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, நகராட்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். மாடியில் தொட்டி காய்ந்து கிடக்கிற அவசரத்தில் வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

அவர் மனைவி ஜூலி. ஜூலியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். அந்த வழியில் ஜூலி பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகள். இந்த ஊரில் அப்படி ஒரு பெண் கிடைத்தால் மாப்பிள்ளைக்கு லாட்டரி விழுந்தது என்பார்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து மாப்பிள்ளையும் மனுப் போடுவார், அந்த நாட்டுக் குடிமகனாவார், விமானம் ஏறுவார். லூயிசோடு ஒன்றாகப் படித்து, ஒரே கோவிலில் ஒரே மாதத்தில் தாலி கட்டிய இரண்டு பேர் இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். லூயிசின் தாள்கள் மட்டும் முப்பத்துநாலு வருஷமாக பீரோவில் இருக்கின்றன. ஜூலி பூர்த்தி செய்து வைத்தவை. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "என் நாட்ட எப்படி ஜூலி விடறது?" என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சுக் குடிமகனாகிவிட்டால் இங்கே தேர்தலில் நிற்க முடியாது.

தேர்தல் ஆசை அவருக்குச் சாக்கடையிலிருந்து வந்தது. எங்கள் தெருச் சாக்கடையை எவனோ ஒரு காண்ட்ராக்டர் வாட்டம் பார்க்காமல் கட்டிவிட்டுப் போய்விட்டான். தெருத் தண்ணீர் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். இங்கே மெயின் ரோட்டுத் தண்ணீர் தெருவுக்குள் வரும். ஐப்பசி மழை இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தால் போதும், கறுப்புத் தண்ணீர் வாசற்படி ஏறும். தெருவிலேயே தாழ்வான வீடு லூயிசுடையது. அடுத்தது என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் மனுவை எடுத்துக்கொண்டு போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான். தேர்ந்தெடுத்த மன்றம் தீர்மானம் போட்டால் செய்யலாம், மன்றம் இல்லையே, நாங்கள் என்ன செய்ய?

மன்றம் எப்படி இருக்கும்? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் அறுபத்தெட்டில் நடந்தது. அடுத்தது இரண்டாயிரத்து ஆறில். நடுவில் முப்பத்தெட்டு வருஷம். அந்த இரண்டாயிரத்து ஆறில் லூயிஸ் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். மின்விசிறி சின்னம். வெயிலில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். ஒன்பது ஓட்டில் தோற்றார்.

ஒன்பது ஓட்டு என்பது மனுஷனைத் தூங்கவிடாத எண்ணிக்கை. எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடிமக்கள் பதினோரு பேர். அதில் முதல் ஆள் அவருடைய பெண்டாட்டி.

"பதினோரு பேரும் நம்ம தெரு சார். பதினோரு பேர் வீட்லயும் தண்ணி வருது. ஒருத்தருக்கும் ஓட்டு இல்ல. என் வீட்டு ஓட்டே எனக்கு இல்ல சார்" என்று அன்றைக்குச் சொன்னவர், இன்றைக்கும் அதைப் புதுசாகச் சொல்வது போலச் சொல்வார்.

புத்தியுள்ளவன் அந்தத் தோல்வியோடு பீரோவைத் திறந்து தாள்களை எடுத்திருப்பான். லூயிஸ் வேறு மாதிரி யோசித்தார். "கவுன்சிலரால ஒண்ணும் ஆவாது சார். அடுத்த தடவ நேரா மேருக்கே நிக்கறேன்."

அடுத்த தடவை என்பது ஐந்து வருஷம் கழித்து. அந்த ஐந்து வருஷமும் மன்றம் இருந்தது, சாக்கடையும் அப்படியே இருந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்று வந்தது. போனது. தேர்தல் நடக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று காலண்டர் மாறியதே தவிர எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்போடு வந்து, "இந்த வருஷம் வந்துடும் சார்" என்பார். நானும் புது மனு ஒன்று எழுதிக் கொடுப்பேன். மனு எழுதுவது எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தெருவாழ் பொதுமக்கள் சொல்லொணா அவதிக்குள்ளாகி" என்று ஆரம்பித்தால் நாலு பக்கம் போவது தெரியாது.

இந்த நேரத்திலெல்லாம் ஜூலி ஓட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் லூயிசின் வயிற்றெரிச்சல். பிரெஞ்சு ஜனாதிபதிக்கு இரண்டு சுற்று. அவர்கள் நாடாளுமன்றத்துக்கு இரண்டு சுற்று. அதில் மாஸ்கோவிலிருந்து சிட்னி வரைக்கும் ஒரே தொகுதியாம், எங்கள் மூலக்குளமும் அதற்குள் வருகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்களின் பிரதிநிதிக்கு ஒன்று. ஒரு வருஷம் ஒரு மாதத்துக்குள் மூன்று முறை போட்டார். ஒவ்வொரு தடவையும் லூயிஸ்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். உள்ளே உறை பெட்டியில் விழுந்ததும் அங்கே இருப்பவர் "ஆ வொத்தே" என்று உரக்கச் சொல்வாராம். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். ஒவ்வொரு ஆளுக்கும் சொல்ல வேண்டியது அவர்கள் வழக்கம். லூயிஸ் வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"யாருக்கு போட்ட?" என்பார் திரும்பி வரும்போது.

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்பார் ஜூலி.

குடியிருந்து அறியாத ஊருக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரை வாரி ஊற்றும் பெண் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்க மாட்டார். வாரி ஊற்றுவது எப்போதும் ஜூலிதான். மழை பிடித்ததும் லூயிஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, "நேர்ல காட்டினாதான் புரியும்" என்று அதிகாரிகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். கூடவே நானும்.

பதினைந்து வருஷம் கழித்து இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அறிவிப்பு வந்தது. லூயிஸ் வெள்ளைச் சட்டை தைத்தார். ஸ்டுடியோவில் கை கூப்பிப் படம் எடுத்தார். துண்டுப் பிரசுரத்தில் "உங்கள் மேர் வேட்பாளர்" என்று போட்டே ஆக வேண்டும் என்று அச்சகத்தில் சண்டை பிடித்தார். நான் முன்மொழிந்தேன். இடஒதுக்கீட்டு வழக்கில் தேர்தல் நின்றது. மறுபடியும் அறிவித்தார்கள். நான் மறுபடியும் முன்மொழிந்தேன். மறுபடியும் நின்றது.

அதே சமயம் பிரான்சில் அவர் மகள் செலினுக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. வேட்புமனுப் பரிசீலனை இருக்கிறதென்று லூயிஸ் தன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். ஜூலி தனியாகப் போய், மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்தவர் கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பேரனுக்கு இப்போது நாலு வயது. தாத்தாவை போனில்தான் தெரியும்.

போன ஐப்பசியில் மறுபடியும் பேச்சு கிளம்பியது. புது இடஒதுக்கீட்டுப் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் லூயிசும் ஸ்கூட்டரில் போனோம். அறிவிப்புப் பலகையில் எங்கள் நகராட்சிக்கு நேரே, தலைவர் பதவி பெண்களுக்கு என்று இருந்தது.

லூயிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். விரலை வரியில் வைத்து மூன்றாம் தரம் படித்தார். அவர் அரை மணி நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரில் மற்ற ஆண்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. தலைவருக்கு நிற்க மூன்று வருஷமாகத் துடித்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் ராஜவேல், டீ ஆறுவதற்குள் பெண்டாட்டி பெயரில் போஸ்டருக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் சுவரில் பார்த்தேன். ராஜவேல் ஆளுயரத்துக்கு நிற்கிறார். அந்த அம்மாள் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார்.

லூயிஸ் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். சாயங்காலம். ஜூலி பெரிய மார்க்கெட்டில் வாங்கிவந்த சங்கரா மீனை அரிவாள்மனையில் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஜூலி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு" என்றார் லூயிஸ். "நீ அந்த நேஷனாலிட்டிய விட்டுடேன்."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எதுக்கு?" என்றார் ஜூலி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"லேடீசுக்கு ஒதுக்கிட்டாங்க. எழுதிக் குடுத்துட்டு நம்ம நாட்டுக் குடியுரிமைக்கு மனு போட்டா... சார் எழுதித் தருவாரு. நீ சும்மா நின்னா போதும். பின்னால இருந்து எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

ஜூலி செதிலைச் சுரண்டி முடித்தார். அரிவாள்மனையோடு சேர்த்துக் கையைத் தண்ணீரில் அலசினார். பிறகுதான் பேசினார்.

"உங்க நாட்ட விட மாட்டேன்னீங்க. சரின்னு நானும் முப்பத்துநாலு வருஷம் இங்கயே இருந்தேன். ஒரு நாள் உங்கள வற்புறுத்தியிருக்கேனா? இப்ப என்னுத விடச் சொல்றீங்க. செலினப் பாக்க நான் விசாவுக்கு வரிசையில நிக்கணும். அதுவும் நான் நிக்கறதுக்காவ இல்ல. எனக்குப் பின்னால நீங்க நிக்கறதுக்கு. நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

லூயிஸ் என்னைப் பார்த்தார். மனு எழுதுகிறவன் இதற்கும் ஏதாவது வாசகம் வைத்திருப்பான் என்று நினைத்திருப்பார். எனக்கு அங்கே உட்கார்ந்திருப்பதே வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி கமலா, இட்லி மாவுத் தூக்கைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தாள். கமலா வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்து வருஷமாக எங்கள் பகுதியில் மகளிர் குழு நடத்துகிறாள். நான் மனு எழுதும் நேரத்தில் அவள் நாற்பது பெண்களுடைய சண்டையைத் தீர்த்துவைப்பாள். அதை நான் பெரிதாக நினைத்ததில்லை என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். லூயிசின் முகம் பளிச்சென்று ஆனது.

"தங்கச்சி, நீ நில்லேன்!"

நான் சிரித்துவிட்டேன். கமலா சிரிக்கவில்லை. தூக்கை மேசைமேல் வைத்தாள்.

"நிக்கறேண்ணா" என்றாள். "ஆனா நின்னா நான்தான் மேர். பின்னால இருந்து பாத்துக்க யாரும் வேணாம். நீங்க எனக்கு முன்மொழிஞ்சு ஒரு கையெழுத்துப் போடுங்க, அது போதும்."

ஜூலி வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. செலினின் இரண்டாவது பிரசவத்துக்குப் பத்து நாளில் கிளம்ப வேண்டியவர், "ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கறேன் அண்ணி" என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளிநாட்டுக் குடிமகள் இங்கே ஓட்டுக் கேட்கப் போகக்கூடாது. ஜூலிக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு நோட்டு எழுத ஆரம்பித்தார். எந்த வீடு, எந்த வருஷ மழை, தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, என்ன பாழானது என்று. எழுபத்திரண்டு வீடு. "மூணாவது வீடு, ரெண்டாவது படி, பீரோ கால் ஊறிப் போச்சு. பன்னிரண்டாவது வீடு, தையல் மிஷின் நனைஞ்சுது, கல்யாணத் துணி போச்சு." மழை நாளில் எல்லோர் வீட்டுக்கும் வாளியோடு ஓடியவருக்கு அத்தனையும் ஞாபகம் இருந்தது. பத்தொன்பது வருஷமாக நான் எழுதிய சொல்லொணா அவதி அவ்வளவும் அவர் நோட்டில் ஒரு பக்கத்துக்குக் காணாது.

கமலா அந்த நோட்டோடு வீடு வீடாகப் போனாள். அவரவர் வீட்டில் நடந்ததை அவரவருக்கே படித்துக் காட்டினாள். கேட்டவர்கள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். மற்ற தெருக்காரர்கள் எங்கள் வீட்டையும் எழுதுங்கள் என்று தேடி வந்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று நோட்டு ஆயிற்று. ராஜவேலே ஒரு நாள் வண்டியை நிறுத்தி, "இன்னா சார், வீட்டுக்காரம்மா சீரியசா?" என்று என்னிடம் விசாரித்தார்.

தேர்தல் தேதியும் அறிவித்துவிட்டார்கள். வேட்புமனுத் தாக்கல் தொடங்கியது. கமலாவின் மனு பூர்த்தியாகி, முன்மொழிபவர் கையெழுத்து மட்டும் காலியாக லூயிசிடம் போனது.

முதல் நாள் அவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் கடையில் எட்டு மோட்டார் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "தங்கச்சி நல்லவதான் சார், நம்ம தெரு வரைக்கும் சரி. முனிசிபாலிட்டி பூராவும்னா கொஞ்சம் அனுபவம் வேணும் இல்ல?" என்றார்.

"உமக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டேன்.

"பத்தொம்பது வருஷமா அலையறேனே!" என்றார். அலைந்தது அனுபவமாம்.

நான்காம் நாள் காலையில் கமலா காத்திருப்பதை நிறுத்தினாள். மனுவைத் திருப்பி வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். "நீங்க போடுங்க. நாளைக்குக் கடைசி நாள்."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். இரண்டு தடவை லூயிசுக்குப் போட்ட அதே கையெழுத்து. போட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு மனசு கஷ்டப்படும் கமலா. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துப் பாப்போம்." அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாற்பது பெண்களில் யாரிடம் கேட்டாலும் அந்த நிமிஷமே போட்டிருப்பார்கள். அவள் என்னிடம் கேட்டது கையெழுத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அன்றைக்குப் பகல் பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. மறுபடியும் வழக்கு. மறுபடியும் தடை. தேர்தல் நின்றது.

லூயிஸ் கடையிலிருந்து கிரீஸ் கையோடு தெருவுக்கே ஓடி வந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜூலி அவர்கள் வீட்டுப் படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கமலா அவர் பக்கத்தில்.

"நின்னுடுச்சு சார்!" என்றார் லூயிஸ். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பேரன் பிறந்த செய்தி வந்தபோதுகூட நான் அதைப் பார்க்கவில்லை. "ஒரு வகையில நல்லதுதான். அடுத்த தடவ எப்படியும் பொதுவாயிடும். நானே நிக்கலாம்."

ஜூலி நோட்டை மூடினார். "சந்தோஷமா இருக்கீங்க இல்ல?" என்று கேட்டார்.

"இல்ல ஜூலி... அதாவது..."

"சாக்கடைக்காவத்தான் இத்தன வருஷமும்னு நம்பிட்டு இருந்தேங்க. அதுக்காவத்தான் பொறுத்துட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய், டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல்லி போன் பேசினார். நோட்டுகளைக் கமலாவிடம் கொடுத்தார். அதற்கு நான்காம் நாள் செலின் வீட்டுக்குக் கிளம்பினார். எப்போது திரும்புவார் என்று லூயிசிடம் சொல்லவில்லை. லூயிசும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று நினைக்கிறேன்.

அந்தச் செய்தி வந்தபோது எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பொய் சொல்ல மாட்டேன். கமலா மேரானால் நான் யார் என்கிற கேள்வி அந்த ஒரு வாரமும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. லூயிசைத் திட்டும்போதெல்லாம் பாதித் திட்டு எனக்கும்தான்.

ஜூலி போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் விடவில்லை. மூன்று மணிக்கு மெயின் ரோட்டுத் தண்ணீர் தெருவுக்குள் திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூயிஸ் அலறினார்.

"சார், வாங்க சார்! உள்ள வந்துடுச்சு!"

நான் போனபோது மனுஷன் கூடத்தின் நடுவில் முழங்கால் வரை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு குளிக்கிற மக்கோடு நின்றுகொண்டிருந்தார். கிடைத்த இடத்தில் மொண்டு, கிடைத்த பக்கம் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் உள்ளே வந்தது.

"ஜூலி எந்தப் பக்கத்திலேர்ந்து ஆரம்பிப்பா சார்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நானும் அவரோடுதானே நகராட்சி அலுவலகத்தில் இருப்பேன். வாசலில் மணல் மூட்டை போட்டு முதலில் வழியை அடைக்க வேண்டும் என்பதுகூட எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கமலாவும் குழுவில் நாலு பெண்களும் குடையோடு வந்தார்கள். இரண்டு பேர் மூட்டையைக் கொண்டுவந்து வாசலை அடைத்தார்கள். கமலா படியில் நின்று தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

லூயிசுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா தங்கச்சி, இதுக்குத்தான் சொல்றேன். அடுத்த தடவ பொதுவாயிடட்டும். நான் மட்டும் மேராயிட்டேன்னா..."

"பொதுன்னா லேடீசும் நிக்கலாம்ணா" என்றாள் கமலா, எழுதுவதை நிறுத்தாமல்.

லூயிஸ் மொண்ட தண்ணீரை மறுபடியும் கூடத்திலேயே ஊற்றினார்.

"நான்தான் நிக்கப் போறேன். பொதுவானாலும், லேடீசுக்கானாலும். முன்மொழிய ஆளு இருக்குது. உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் எனக்கு வேணாம்." நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, பன்னண்டாவது வீட்டுக்குப் போவணும்" என்று பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தேர்தல் எப்போது வரும் என்று கேட்டால் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு லூயிஸ் எனக்கும் ஒரு வாளியை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து தண்ணீரை வாரி ஊற்ற ஆரம்பித்தோம்.